மடத்து அளவுகோலும் இல்லறப் புனிதமும்

இல்லறத்தாரும் தொழில் செய்வோரும் தாம் இருக்கும் இடத்திலேயே புனிதராகலாம் என்ற கத்தோலிக்கப் போதனை இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த புதுமை என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் 1609-இல் லியோன் நகரில் வெளியான பிரான்சிஸ் சலேசியாரின் ‘பக்தி வாழ்வுக்கு அறிமுகம்’ நூலிலேயே அது தெளிவாக இருக்கிறது. உறவினர் ஒருவரின் மனைவிக்கு அந்த ஆயர் எழுதிய ஆன்ம ஆலோசனைகளிலிருந்து பிறந்த நூல் அது. குடும்பத் தலைவர் கப்புச்சின் துறவியைப்போல் பொருள் தேட மறுப்பதும், கைவினைஞர் நாளெல்லாம் கோவிலிலேயே இருப்பதும் முறையல்ல, பக்தி அவரவர் நிலைக்கேற்ப அமைய வேண்டும் என்பது அவர் வாதம். நூல் பல பதிப்புகள் கண்டது, பல மொழிகளுக்கும் போனது. இருந்தும் ஒரு பொதுச் சங்கம் அக்கருத்தைத் தன் ஏட்டில் எழுத 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை தாமதத்துக்குக் காரணம் போதனையின் குறை அல்ல என்பது என் முடிவு. போதனை மாறியும் அளவுகோல் மாறவில்லை. புனிதத்தை அளக்கும் கோல் துறவு மடத்திலேயே இருந்தது.

இதற்கு வலுவான சான்று பிரான்சின் அலான்சோன் நகரத்தில் கிடைக்கிறது. கடிகாரம் பழுதுபார்த்த லூயி மார்ட்டினும் சரிகைப் பின்னல் தொழில் நடத்திய செலி கெரேனும் 1858-இல் மணந்தார்கள். இருவரும் முதலில் துறவறத்தையே நாடியவர்கள், இருவருக்குமே கதவு திறக்கவில்லை. மணமான பின்னும் சுமார் பத்து மாதங்கள் உடன்பிறந்தார்போல் வாழ்ந்தார்கள். ஒப்புரவு கேட்கும் குரு ஒருவர் சொன்ன பிறகே இல்லறத்தை முழுமையாக ஏற்றார்கள். சலேசியாரின் நூல் வெளிவந்து ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு ஆகியும், பக்தியுள்ள தம்பதியர் தங்கள் மணவாழ்வையே அரைத் துறவாக மாற்றிக்கொள்ள நினைத்தார்கள் என்பதை எளிதாகக் கடந்துவிட முடியாது. ஆனால் செலியின் கடிதங்கள் வேறொன்றையும் காட்டுகின்றன. பெண்கள் தத்தம் வீட்டில் ஊசியால் பின்னித் தந்த சிறு சரிகைத் துண்டுகளைத் தையல் தெரியாமல் இணைப்பது அவர் வேலை. ஆர்டரை முடிக்கும் அவசரம், வேலைக்காரிகளின் நலம், பால்குடிக் குழந்தையின் நோய், அதிகாலைத் திருப்பலி எல்லாம் ஒரே கடிதத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஜெபத்துக்கென்று தனி வாழ்க்கை ஒன்று அங்கே இல்லை. 1870-இல் லூயி கடையைத் தம் சகோதரியின் மகனிடம் கொடுத்துவிட்டு மனைவியின் தொழிலில் சேர்ந்ததும் இதே ஒழுக்கத்தின் பகுதிதான்.

சமையல் பாத்திரங்களுக்கு நடுவே இறைவனோடு உறவாடிய லாரன்ஸ் சகோதரரைக் காட்டி, அன்றாடப் பக்தி 17-ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது என்று சிலர் மறுக்கலாம். அவர் கார்மேல் மடத்தின் சமையல்காரர். வாடகை, கடன், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றை அறியாத அன்றாடம் அவருடையது. மார்ட்டின் தம்பதியரின் உயிர்தப்பிய ஐந்து மகள்களும் கன்னியராயினர், அதனால் அக்குடும்பமும் மடத்துக்கு வாசற்படிதானே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. உண்மைதான். பழைய அளவுகோல் அந்த வீட்டையும் விடவில்லை, அதைத்தான் நானும் சொல்கிறேன்.

அளவுகோலை அசைத்தது பக்தி இலக்கியம் அல்ல, தொழிற்சாலை. பெல்ஜியத்தில் குருமட விடுமுறைக்கு ஊர் திரும்பிய யோசேப் கார்டைன், ஆலை வேலைக்குப் போன பழைய பள்ளித் தோழர்கள் திருச்சபையை விட்டு விலகியிருக்கக் கண்டார். 1925-இல் அவர் நிறுவிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ என்று பழக்கியது. கூலியும் வேலைநேரமும் அங்கே ஜெபத்துக்கு இடையூறாக அல்ல, விசுவாசத்தின் பாடமாகவே ஆயின. 1961-இல் திருத்தந்தை 23-ஆம் யோவானின் சமூகச் சுற்றுமடல் அம்முறையை ஏற்றது. 1964 நவம்பர் 21-இல் வெளியான, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ‘திருச்சபை’ கோட்பாட்டு விளக்கத்தின் ஐந்தாம் இயல் புனிதத்துக்கான அழைப்பு அனைவருக்கும் உரியது என்றது.

அதற்குப் பின்னும் நடைமுறை மெதுவாகவே நகர்கிறது. 2022-இல் புனிதரான நம் நட்டாலத்துத் தேவசகாயம் இல்லறத்தார்தான். ஆனால் அவரைப் பீடமேற்றியது 1752-இல் சிந்திய இரத்தம். மறைசாட்சியல்லாத தம்பதியர் ஒருசேரப் புனிதராக அறிவிக்கப்பட 2015 வரை ஆனது, அவர்கள் லூயியும் செலியும். புனிதர் பட்ட விசாரணை சாட்சிகளையும் ஏடுகளையும் கேட்கிறது. துறவற சபை அவற்றைத் தலைமுறைகளாகக் காக்கும், குடும்பங்கள் பெரும்பாலும் காப்பதில்லை. செலியின் 200-க்கும் மேற்பட்ட கடிதங்கள் நமக்குக் கிடைத்ததில், துறவறம் புகுந்த மகள்களின் பங்கு பெரிது.