முழக்கோல் முதல் மவுஸ் வரை: மாறும் அளவுகளின் கதை

புதுச்சேரி வரலாறு என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது துய்ப்ளேக்ஸ், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்த 1954 நவம்பர் 1. இதையெல்லாம் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நம் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, மர சாமான்களுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுப் பிழைக்கிறவன். எனக்குத் தெரிந்தது நாற்காலி, மேசை, அலமாரி வரலாறுதான். அதிலும் ஒரே ஒரு கேள்வியின் வரலாறு. முடித்து வைத்த டிசைனில் ஓர் அளவு மாறினால் மற்ற அளவுகள் தாமாக மாறுமா, இல்லை நாம் ராத்திரி கண்விழித்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டுமா?

கேள்வி சின்னதாகத் தெரியும். ஓர் அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி அகலம் 900 மி.மீ., பிளைவுட் கனம் 18 மி.மீ. இரண்டு பக்கப் பலகை போக உள் அகலம் 864. இழுப்பறைக்குச் சேனல் மாட்ட இரு பக்கமும் 13, 13 விட்டால் இழுப்பறை அகலம் 838. இப்போது கடைக்காரர், "18 ஸ்டாக் இல்ல சார், 16 தர்றேன்" என்கிறார். உள் அகலம் 868, இழுப்பறை 842. பின்பலகைக் காடி, தட்டுகளின் நீளம், லாமினேட் வெட்டும் அளவு என்று எல்லாமே நகரும். மாறியது ஓர் அளவு. திருத்த வேண்டியதோ முப்பது இடம்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் பாராமெட்ரிக் டிசைன். 864 என்று எண்ணாக எழுதாமல், "அகலம் கழித்தல் இரண்டு கனம்" என்று உறவாக எழுதி வைப்பது. கனத்தை மாற்றினால் மீதி தானாக மாறும். அகலம், கனம் போன்ற மாறும் அளவுகளுக்குப் பெயர் பாராமீட்டர். தமிழில் அளபுரு என்றும் சொல்கிறார்கள். இது ஏதோ அமெரிக்காவில் நேற்று முளைத்த யோசனை என்று நம் ஜூனியர்கள் நினைக்கலாம். நம்ம ஊர்த் தெரு ஒன்றிலிருந்தே கதையை ஆரம்பிக்கலாம், வாருங்கள்.

செயின்ட் லூயி தெருப் புத்தகம்

1955-ல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. கடற்கரையை ஒட்டிய செயின்ட் லூயி தெருவில் இன்றும் இருக்கிறது. இந்த நிறுவனம் வெளியிட்ட நூல்களில் ஒன்று மயமதம். தென்னாட்டுக் கட்டடக் கலை பற்றிய சமஸ்கிருத நூல். சோழர் காலத்தை ஒட்டியது என்பது ஆய்வாளர்கள் கருத்து. புரூனோ தாழான் என்ற பிரெஞ்சு அறிஞர் அதைப் பதிப்பித்து, பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் 1970-லும் 1976-லும் இரண்டு பாகங்களாகக் கொண்டுவந்தார்.

கோயில், வீடு, ஊர் அமைப்பு மட்டுமல்ல, வாகனம், கட்டில், ஆசனம் பற்றியும் அதில் அதிகாரங்கள் உண்டு. ஓர் எஞ்சினியருக்கு அதில் ஆச்சரியமான விஷயம், அளவு சொல்லும் முறை. அகலத்தை முதலில் முடிவு செய். உயரம் அதில் இத்தனை பங்கு. தூணின் பருமன் அதன் உயரத்தில் இத்தனையில் ஒரு பங்கு. இப்படித்தான் போகும். முடிந்த எண்ணைவிட உறவுக்குத்தான் முதலிடம்.

முழமே அதில் ஒன்றல்ல. 24 அங்குல முழம், 25 அங்குல முழம், 26, 27 என்று நான்கு வகை. வாகனத்துக்கும் கட்டிலுக்கும் 24, கோயில் விமானத்துக்கு 25, வீடு கட்ட 26, ஊர் அமைக்க 27 என்று வேலைக்கு ஒரு முழம். மர சாமான் செய்கிறவன் கையில் இருக்க வேண்டியது 24 அங்குல முழக்கோல்.

சிற்ப நூல்களில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். உத்தம தசதாலம் என்ற கணக்கில் தெய்வத் திருமேனியின் மொத்த உயரத்தை 124 பங்காக்கி, ஒரு பங்குக்கு அங்குலம் என்று பெயர் வைத்துக்கொள்வார்கள். முகம், மார்பு, முழங்கால் எல்லாம் அந்தப் பங்கில்தான். சிலை ஒரு சாண் ஆனாலும் ஓர் ஆள் உயரம் ஆனாலும் கணக்கு ஒன்றே. மாறுவது மொத்த உயரம் என்ற ஒற்றை பாராமீட்டர்.

நிபந்தனைகளும் உண்டு. ஆயாதிப் பொருத்தத்தில் பலரும் கேள்விப்பட்டது யோனிக் கணக்கு. அளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து, மீதி ஒற்றைப்படையாக வருகிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் அளவைச் சற்றே கூட்டிக் குறைப்பார்கள். நம் வீடுகளில் புரட்டப்படும் மனையடி சாஸ்திரத்தில் எந்த அடி நல்லது, எது ஆகாது என்ற பட்டியல் இருக்கிறதே, அதுவும் இந்த ரகம்தான். பலனை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எஞ்சினியர் கண்ணுக்கு அது, "இந்த மதிப்புகள் மட்டும் செல்லும்" என்ற கன்ஸ்ட்ரெயின்ட்.

கோல்கோண்டில் ஒரு மர ஆசான்

அடுத்த காட்சி, ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்ட் விடுதி. ஐதராபாத் சமஸ்தான திவான் சர் அக்பர் ஹைதரி மூலம் நிஜாம் அரசின் நன்கொடை வந்ததால் கோல்கொண்டாவின் பெயர். டோக்கியோவில் அலுவலகம் வைத்திருந்த அன்டோனின் ரேமண்ட் என்ற செக் நாட்டுக்காரரின் வடிவமைப்பு. 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி 1940-களில் முடிந்தது. வரிசையாக ஒரே மாதிரி அறைகள். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் திருப்பி வைக்கக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயிலுக்கும் காற்றுக்கும் மழைக்கும் ஏற்ப அறையில் இருப்பவரே கோணத்தை மாற்றிக்கொள்ளலாம். கட்டடம் முடிந்த பிறகும் ஓர் அளவை மாறுவதற்கென்றே விட்டு வைத்திருக்கிறார்கள்!

அந்தக் கட்டட வேலையை நேரில் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் நக்காஷிமா. அமெரிக்காவில் 1905-ல் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். இங்கே 1939 வரை தங்கி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். அறைகளுக்கான எளிய தேக்கு சாமான்களையும் அவரே வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவின் மிகப் பெரிய மர சாமான் கலைஞர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்தார். 1964-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து, அங்கும் சாமான்கள் வடிவமைத்தார். 1990-ல் காலமானார்.

நக்காஷிமாவை ஏன் இழுக்கிறேன் என்றால், அவர் பின்னாளில் போன வழி நேர் எதிர். அறுத்த மரத்தின் வளைந்த ஓரத்தையும் வெடிப்பையும் அப்படியே வைத்து மேசை செய்தார். அங்கே அளவைத் தருவது மரம், மனிதன் அதற்கு இணங்கிப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஃபார்முலாவில் அடைத்துவிடலாம் என்று நினைக்கும் நம்மைப் போன்றவர்கள் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இது.

கம்ப்யூட்டர் வந்த கதை

1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் தன் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற புரோகிராமை எழுதினார். ஒளிப் பேனாவால் திரையில் கோடு போட்டு, "இந்த இரண்டும் இணை, இந்த இரண்டும் சம நீளம்" என்று நிபந்தனை கொடுக்கலாம். மூலப் படத்தை மாற்றினால் அதன் நகல்கள் அத்தனையும் மாறும். இன்றைக்கு நாம் செய்வதன் விதை அதில் இருக்கிறது.

ஆனால் கடைகளுக்கு வந்தது வேறு மாதிரி. 1982-ல் வந்த ஆட்டோகேட் பல ஆண்டுகளுக்கு, டிராயிங் போர்டைத் திரைக்கு மாற்றியது போலத்தான் இருந்தது. கோடு அழகாக விழும், அழிப்பதும் சுலபம். ஆனால் கோட்டுக்குக் கோடு உறவு கிடையாது. நிபந்தனை கொடுக்கும் வசதி அதில் 2010 பதிப்பில்தான் வந்தது. உறவுகளையே அடித்தளமாக வைத்தது, சாமுவேல் கெய்ஸ்பெர்க் 1985-ல் தொடங்கிய பாராமெட்ரிக் டெக்னாலஜி நிறுவனம். அதன் புரோ-எஞ்சினியர் 1980-களின் இறுதியில் வந்தது. டிசைனை மாற்றுவதற்கான செலவு பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1995-ல் சாலிட்வொர்க்ஸ் வந்தது. 2002-ல் தொடங்கிய ஃப்ரீகேட் இலவசம். அதில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் அகலம், உயரம், கனம் என்று எழுதி மாடலோடு இணைத்துவிடலாம். சின்னப் பட்டறைக்காரரும் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

யார் தலையில் விழுகிறது?

மாற்றத்துக்கு ஆகும் செலவு என்றேனே, அது யார் பையிலிருந்து போகிறது தெரியுமா? நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சும் மேசையும் செய்யும் ஆர்டர். வரைபடங்கள் வெளியே ஒருவர் போட்டுக் கொடுத்தவை, வெறும் கோடுகள், நாற்பது ஷீட். வேலை பாதியில் பிளைவுட் கனம் மாறியது. அவர் திருத்தி அனுப்ப ஒரு வாரம். அதற்குள் பட்டறையில் பழைய ஷீட்டை வைத்து அறுத்துவிட்டார்கள். வீணான பலகைக்கு யார் பொறுப்பு என்று போன் மேல் போன். கடைசியில் நஷ்டத்தில் ஒரு பகுதி மேஸ்திரியின் கூலியில் பிடிக்கப்பட்டது. தப்பே செய்யாத மனுஷர்! அந்த மேஸ்திரி என்னிடம் சொன்னது: "தம்பி, எனக்குப் படமே வேணாம். பலகை கனத்தையும் புள்ளைங்க வயசையும் சொல்லு, மத்தத நான் சொல்றேன்."

யோசித்துப் பாருங்கள். பாராமீட்டர் என்ற சொல்லைக் கேள்விப்படாத அவர், எவை பாராமீட்டர் என்று சரியாகச் சொல்லிவிட்டார். நாற்பது ஷீட்டிலும் அந்த விவரம் இல்லை.

அன்றிலிருந்து எந்த டிசைனைத் தொடங்கினாலும் அளவுகளை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்.

ஒன்று, உடம்பு தரும் அளவு. ஐரோப்பியப் பள்ளி மர சாமான் தர அளவுகளில் சின்னப் பிள்ளைகளின் ஒரு பிரிவுக்கு இருக்கை உயரம் 310 மி.மீ., மேசை 530. பெரிய பிள்ளைகளுக்கு இருக்கை 460, மேசை 760. வித்தியாசம் முதலில் 220, அடுத்ததில் 300. அதனால் "இருக்கையோடு இவ்வளவு கூட்டு" என்று ஒரே எண்ணைப் போட்டால் தப்பு. விகிதமும் சரியாக ஒத்துவராது. சிலையைப் போல நாற்காலியை மொத்தமாகப் பெரிதாக்க முடியாது. முழங்கால், முழங்கை இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு, மார்க்கெட் தரும் அளவு. பிளைவுட் எட்டுக்கு நாலு அடி, கனம் 6, 12, 18 என்று வரும். மேசையை ஒன்றரை மடங்கு ஆக்கினால் பலகை 27 மி.மீ. ஆகாது. அந்தக் கனத்தில் கடையில் பலகை கிடைக்காது. கேலிப்பர் வைத்து அளந்த கனத்தைத்தான் எழுத வேண்டும், லேபிளில் உள்ளதை அல்ல.

மூன்று, கணக்கு தரும் அளவு. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது ஆசாரிகளின் பழைய விதி. புத்தகத் தட்டின் தொய்வு நம் பாடப்புத்தக விதி. அடிக்கு இவ்வளவு பாரம் என்று வைத்தால், நீளத்தின் நான்காம் அடுக்கில் தொய்வு கூடும். இரண்டடித் தட்டை மூன்றடி ஆக்கினால் தொய்வு சுமார் ஐந்து மடங்கு! பலகையை 18-லிருந்து 25 மி.மீ. ஆக்கினாலும் விறைப்பு 2.7 மடங்குதான் கூடும். ஆகவே, "நீளம் இதைத் தாண்டினால் நடுவில் ஒரு தாங்கு பலகை வை" என்ற நிபந்தனையை ஃபைலிலேயே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பத்தடித் தட்டையும் சிரிக்காமல் வரைந்து கொடுக்கும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு இன்னும் ஒரு விஷயம். சாஃப்ட்வேர் தானாக வைக்கும் டி1, டி2, டி37 என்ற பெயர்களை அப்படியே விடாதீர்கள். "பலகை_கனம்", "இருக்கை_உயரம்" என்று பெயர் வையுங்கள். பக்கத்திலேயே காரணத்தையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஃபைலைத் திறக்கப்போவது நீங்களாகக்கூட இருக்கலாம்.

மயமதம் இன்று நம் கைக்குக் கிடைத்தது, சுவடியில் யாரோ எழுதி வைத்ததால், அதை இன்னொருவர் நம்ம ஊரில் உட்கார்ந்து பதிப்பித்ததால். நம் மேஸ்திரிகளின் விதிகளுக்கு அப்படி ஒரு சுவடி கிடையாது. அவர்கள் பிள்ளைகளில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். மாணவர்கள் இரண்டு பேராகப் பிரிந்து, தங்கள் ஊரில் உள்ள ஒரு மரப் பட்டறைக்குப் போய், "இது எவ்வளவு?" என்று கேட்காமல் "இது எதைப் பொறுத்தது?" என்று கேட்டு எழுதி வரட்டும். கேட்ட நேரத்துக்கு அவர்களுக்குக் கூலியும் கொடுப்போம். அதை ஃப்ரீகேட் ஃபைலாக்கும் வேலையை நானும் என் பேட்ச் நண்பர்கள் இருவரும் ஏற்கிறோம்.

சந்திப்பு நாளன்று மதியம் டிராயிங் ஹாலில் பள்ளி மேசை ஃபைல் ஒன்றைத் திறந்து வைத்திருப்பேன். உங்கள் வீட்டுப் பிள்ளையின் முழங்கால் உயரத்தையும் முழங்கை உயரத்தையும் அளந்து எடுத்து வாருங்கள். கட்டிங் லிஸ்ட்டோடு வீட்டுக்குப் போகலாம்.