விளைச்சல் கணக்கும் கூலிக் கணக்கும்



உணவுப் பாதுகாப்பு, நீடித்த வேளாண்மை, சர்வதேச ஒத்துழைப்பு. இச்சொற்களை இன்று எல்லாக் கருத்தரங்குகளிலும் கேட்கிறோம். இவற்றை நாம் புறந்தள்ளவில்லை. பசியை அறிந்தவர்கள் உணவுக்கு எதிராகப் பேச முடியாது. ஆனால் இவை நம் சேரிகளுக்கு எப்படி வந்து சேர்ந்தன என்ற வரலாற்றை நாம்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதைத் தஞ்சையிலிருந்து தொடங்குவோம்.

1954இல் அமெரிக்கா பி.எல். 480 சட்டத்தை இயற்றியது. 1956இல் இந்தியா அதன்கீழ் ஒப்பந்தம் செய்துகொண்டது. கோதுமைக் கப்பல்கள் வரத் தொடங்கின. 1959இல் ஃபோர்டு அறக்கட்டளை அழைத்து வந்த நிபுணர் குழு, இந்தியாவின் உணவு நெருக்கடி பற்றி அறிக்கை அளித்தது. நீர்வசதி உறுதியாக உள்ள மாவட்டங்களில் எல்லா முயற்சியையும் குவியுங்கள் என்பதே அதன் சாரம். 1960–61இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் முதலில் ஏழு மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றில் ஒன்று தஞ்சாவூர்.

விதை, உரம், பூச்சிமருந்து, கூட்டுறவுக் கடன், அலுவலர் ஆலோசனை எல்லாம் ஒரே தொகுப்பாக வந்தன. பெறுவதற்கு ஒரு தகுதி வேண்டும்: நிலம். கீழத்தஞ்சையில் சேற்றில் இறங்கி நட்டவர்கள், களை பறித்தவர்கள், அறுத்துக் களம் சேர்த்தவர்கள் பெரும்பாலும் பள்ளரும் பறையருமே. அவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் இல்லை. ஆகவே உற்பத்தியைப் பெருக்கும் திட்டத்தில் உற்பத்தி செய்தவர் பெயர் இல்லை.

விதையின் கதையும் இதுவே. ஆடுதுறை 27 என்ற குறுவை நெல், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஆதரவில் நடந்த இண்டிகா–ஜப்பானிகா கலப்புத் திட்டத்தின் விளைவு. ஜப்பானிய ரகம் ஒன்றும் கோவையில் தேர்ந்தெடுத்த ஜி.இ.பி. 24உம் அதன் பெற்றோர். 1960களின் நடுவில் அது டெல்டாவில் வேகமாகப் பரவியது, இருபோகம் விரிந்தது. வடகிழக்குப் பருவமழை இறங்குமுன் குறுவையை அறுத்து, அதே வயலில் தாளடி நட்டாக வேண்டும். அறுவடை நாட்களில் ஆள் தேவை உச்சத்துக்குப் போனது. உழைப்பவர் கூலி பேசக்கூடிய காலமும் அதுதான். வெளியூர் ஆட்களை இறக்கி அந்தப் பேச்சை முறிக்க மிராசுதார்கள் முயன்ற காலமும் அதுதான்.

பண்ணையாள்களைப் பாதுகாக்க 1952லேயே சட்டம் வந்திருந்தது. செங்கொடிச் சங்கம் சேரிகளில் வேரூன்றியிருந்தது. எதிரே நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்தார்கள். அந்தப் பெயரைக் கவனியுங்கள்: நிலம் வைத்திருந்தவர்கள் தங்களையே உற்பத்தியாளர் என்று அழைத்துக்கொண்டார்கள்! 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்டது, நம் நினைவில் பதிந்திருக்கும் அந்த அரைப்படி நெல். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது.

பசுமைப் புரட்சிதான் வெண்மணிக்குத் தீ வைத்தது என்று நாம் சொல்லவில்லை. தீ வைத்தது சாதியும் நிலவுடைமையும். ஆனால் வெளிநாட்டு உதவி ஏற்கெனவே நிலம் இருந்த பக்கத்தில் போய்ச் சேர்ந்தது. புதிய வேளாண் உத்தி ஏற்றத்தாழ்வைக் கூட்டிக் கிராமப்புறப் பதற்றத்தை வளர்க்கிறது என்று 1969இல் மத்திய உள்துறை அமைச்சகத்தின் அறிக்கையே எச்சரித்தது. அதே ஆண்டில் கீழத்தஞ்சைக்கென நியாயக் கூலிச் சட்டம் வந்தது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கு 1960இலிருந்தே இருந்தது. அறுத்தவருக்கு எத்தனை படி என்பது சட்டத்தில் ஏற, 44 உயிர்கள் போக வேண்டியிருந்தது.

வேறு வழி உண்டா? தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியைப் பாருங்கள். தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் மகளிர் சங்கங்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். தரிசு நிலங்களைத் திருத்திச் சோளமும் தினையும் பருப்பும் கலந்து விதைத்தார்கள். விதையைத் தாங்களே சேமித்தார்கள். ஊர்த் தானிய நிதி அமைத்து, யார் வீட்டில் பசி அதிகம் என்று தாங்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2019இல் ஈக்வேட்டர் விருது வழங்கியது அதற்குப் பிறகுதான். அங்கே கணக்கெடுத்தவர்கள் உழைத்தவர்களே.

இன்று இயற்கை வேளாண்மை, காலநிலை வேளாண்மை என்று புதிய நிதிகள் வருகின்றன. களஆய்வுக்குப் போகும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். திட்ட அறிக்கையில் விளைச்சல் அட்டவணையைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். கூலி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, நிலமற்ற பெண்ணுக்கு அந்தத் திட்டத்தில் என்ன பெயர் என்று தேடுங்கள். பக்கம் இல்லையென்றால் சேரிக்குப் போய்க் கேட்டு, அந்தப் பக்கத்தை நீங்கள் எழுதுங்கள்.