ஆர்செனிக்: சிதறியதும் சிறைப்பட்டதும்

தனிம அட்டவணையில் 33-ஆம் இடத்தில், பாஸ்பரசுக்கு நேர் கீழே நிற்பது ஆர்செனிக். வெளிக்கூட்டில் ஐந்து எலக்ட்ரான்கள் கொண்ட உலோகப்போலி இது. சாம்பல்நிற ஆர்செனிக் உலோகம்போல் மின்னும். தட்டினால் தகடாகாது, நொறுங்கும். சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 615 டிகிரி செல்சியசில் உருகாமலே பதங்கமாகும். காற்றில் சுட்டால் பூண்டு மணத்தோடு புகைந்து, குளிர்ந்த இடத்தில் வெண்பொடியாகப் படியும். அந்தப் பொடியே ஆர்செனிக் டிரைஆக்சைடு. சித்த மருத்துவம் அறிந்த வெள்ளைப் பாஷாணம். மஞ்சள் அரிதாரமும் சிவந்த மனோசிலையும் இதே தனிமத்தின் சல்பைடுகள்.

அதன் நச்சுத்தன்மைக்கும் வேதியியலே காரணம். ஆர்செனேட்டு, பாஸ்பேட்டின் இடத்தில் புகுந்து செல்லின் ஆற்றல் உற்பத்தியைக் குலைக்கிறது. ஆர்செனைட்டோ, நொதிகளிலுள்ள கந்தகத்தோடு பிணைந்து அவற்றை முடக்குகிறது. பூச்சி, பூஞ்சை, மனிதன் என்ற பேதம் அதற்கில்லை. எனவே ஆர்செனிக்கைப் பயன்படுத்திய தொழில்கள் அனைத்தையும் ஒரே கேள்வியால் எடைபோடலாம்: அதை வெளியே சிதறவிட்டனவா, பொருளுக்குள் பூட்டிவைத்தனவா?

முதலில் சிதறவிட்டவை. 1775-இல் வேதியியலாளர் ஷீலே கண்டறிந்த செம்பு ஆர்செனைட்டுப் பச்சையும், 1814-இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் தயாரான இன்னும் ஒளிமிக்க பச்சையும், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் சுவர்த்தாள்களிலும் துணிப்பூக்களிலும் குடியேறின. ஈரச் சுவரில் வளரும் பூஞ்சை அந்த நிறமியிலிருந்து பூண்டு மணமுள்ள வாயுவை எழுப்ப வல்லது என்பதை இத்தாலியரான கோசியோ 1890-களில் காட்டினார். இரண்டாவது பச்சை, அமெரிக்க உருளைக்கிழங்கு வயல்களில் கொலராடோ வண்டைக் கொல்லவும் தூவப்பட்டது. அடுத்து வந்த ஈய ஆர்செனேட்டு ஆப்பிள் தோட்டங்களை ஆண்டது. பிற்பாடு டி.டி.டி. அதை ஓரங்கட்டியது, ஆனால் தனிமம் சிதைந்து மறைவதில்லையாதலால், பல பழைய தோட்டங்களின் மேல்மண்ணில் ஈயமும் ஆர்செனிக்கும் தங்கிவிட்டன.

பூட்டிவைக்கும் முயற்சியில் ஓர் இந்தியருக்குத் தனி இடம் உண்டு. தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சொண்டி காமேசன், 1933-இல் குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் கூடிய மரப் பாதுகாப்புக் கலவையை உருவாக்கினார். செம்பு பூஞ்சையையும் ஆர்செனிக் கரையானையும் தடுக்க, குரோமியம் இரண்டையும் மரநாரோடு பிணைத்து மழைநீரில் கரையாமல் பிடித்துக்கொள்ளும். மின்கம்பங்கள் முதல் விளையாட்டுத் திடல்கள்வரை உலகெங்கும் இக்கலவை ஏற்றிய மரம் பரவியது. ஆயினும் பூட்டு முழுமையானதன்று: சிறிதளவு கசியும், எரித்தால் ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் வெளிப்படும். 2003 இறுதியோடு அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளுக்கு இம்மரம் தயாரிப்பது நின்றது. தொழில்துறைப் பயன்பாடு தொடர்கிறது.

இன்னும் இறுக்கமான பூட்டுகளும் உள்ளன. உருகிய ஈயத்தில் ஆர்செனிக்கைச் சிறிதளவு சேர்த்தால், துப்பாக்கி ரவைக்கான துளிகள் விழும்போதே உருண்டை வடிவம் பெறும். மின்கலத் தகடுகளின் ஈயத்துக்கும் அது வலுவூட்டும். சிலிக்கானில் நுழைத்தால் ஐந்தாவது எலக்ட்ரான் மின்னோட்டத்துக்குக் கிடைக்கும். கேலியம் ஆர்செனைடில் எலக்ட்ரான்கள் சிலிக்கானைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு எளிதாக நகரும். மின்னாற்றலை நேரடியாக ஒளியாக்கவும் அதனால் முடியும். 1962-இல் பிறந்த முதல் குறைகடத்தி லேசர் அதில்தான் உருவானது. இன்று கைப்பேசியின் அலைபெருக்கியிலும் செயற்கைக்கோளின் சூரியத் தகட்டிலும் அது இருக்கிறது.

இத்தனை பயன்கள் இருந்தும், உலகுக்குத் தேவைப்படும் ஆர்செனிக் குறைவு, கிடைப்பதோ மிகுதி. செம்பு, ஈயம், தங்கம் தேடுவோர்க்கு அது கேளாமலே வந்து சேரும் துணைப்பொருள். கனடாவின் யெல்லோநைஃப் அருகே 1948 முதல் 2004 வரை இயங்கிய ஜயன்ட் தங்கச் சுரங்கம், தாதுவை வறுத்தபோது எழுந்த டிரைஆக்சைடுத் தூளில் 2,37,000 டன்னை நிலத்தடி அறைகளில் விட்டுச்சென்றது. சுற்றுப் பாறையோடு அதை உறையவைத்து, நீர் புகாமல் காப்பதே அரசின் திட்டம். தங்கம் விற்றவர்கள் போய்விட்டார்கள். குளிரூட்டும் செலவு மக்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. வருங்காலத்தில் ஒரு தாதுவின் விலையைக் கணக்கிடுவோர், அதனோடு வரும் ஆர்செனிக்கை எங்கே, எவ்வளவு காலம், யார் செலவில் பூட்டிவைப்பது என்பதையும் தோண்டுவதற்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.