கூடும் விளக்கு

நம்பிக்கை என்பதை ஒரு மனநிலையாகவே நம் விமர்சனம் பேசி வந்திருக்கிறது. ஒரு கவிஞனிடம் அது இருக்கிறதா இல்லையா என்று கேட்டுத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. யூதர்களின் ஹனுக்கா பண்டிகையில் நம்பிக்கை ஒரு செய்கை. எண்ணிக்கைக்கு உட்பட்ட செய்கை.

சிரியாவை ஆண்ட கிரேக்க வம்சத்து அரசன் நான்காம் அன்டியோகஸ் ஜெருசலேம் கோயிலைத் தீட்டுப்படுத்தினான். கி.மு. 164-இல் யூதா மக்கபே அதை மீட்டுச் சுத்திகரித்து எட்டு நாள் கொண்டாடினான். மக்கபேயர் முதல் நூல் சொல்வது இவ்வளவுதான். ஒருநாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதம் பல நூற்றாண்டுகளுக்குப் பிந்திய பாபிலோனியத் தால்மூதில் காணப்படுவது. இதற்கிடையே, கி.பி. 70-இல், ரோமர்கள் கோயிலையே அழித்துவிட்டார்கள். மீட்ட கட்டிடம் போய், மீட்ட நாள் மட்டும் மிஞ்சியது. வெற்றி பின்னுக்குப் போய் விளக்கு முன்னுக்கு வந்ததில் இந்த இழப்புக்கும் பங்கு உண்டு என்று தோன்றுகிறது.

விளக்கு ஏற்றும் முறையில் இரண்டு கட்சிகள். முதல் இரவு எட்டு ஏற்றி, பிறகு இரவுக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்றார்கள் ஷம்மாய் வழியினர். எஞ்சிய நாட்களின் கணக்கு அது, தர்க்கம் பிழையற்றது. ஹில்லெல் வழியினர் ஒன்றில் தொடங்கி எட்டு வரை கூட்டச் சொன்னார்கள். புனித காரியத்தில் ஏற வேண்டும், இறங்கக்கூடாது என்பது அவர்கள் காட்டிய காரணம். நிலைத்தது இந்த முறைதான். பண்டிகை தொடங்குவது கிஸ்லேவ் மாதம் 25-ஆம் தேதி. சந்திர மாதமாகையால் அது தேய்பிறையின் கடைசி; பருவமோ நீண்ட இரவுகளின் குளிர்காலம். வெளியே நிலவு குறையக் குறைய வீட்டில் விளக்கு கூடுகிறது.

அதே தால்மூதில் ஆதாமைப் பற்றி ஒரு கதை வருகிறது. பகல் குறுகுவதைக் கண்டு உலகம் அழிகிறதென்று எட்டு நாள் உபவாசம் இருந்தான். பகல் நீள்வதைக் கண்டதும் எட்டு நாள் கொண்டாடினான். அவன் கண்டபின் கொண்டாடியவன். ஹில்லெலின் விளக்கு அதற்குக் காத்திருப்பதில்லை.

இன்னொரு விதி இதைவிட முக்கியம். விளக்கை வாசலுக்கு வெளியே, தெருவில் போகிறவர்கள் காண வைக்க வேண்டும்; ஆபத்துக் காலத்தில் உள்ளே மேஜைமேல் வைத்தால் போதும். பயத்துக்கும் இடம் ஒதுக்கிய சட்டம் இது.

1931-இல் ஜெர்மனியின் கீல் நகரில், ரபி அகிவா போஸ்னரின் மனைவி ரேச்சல் எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. அவர்கள் வீட்டு ஜன்னலில் ஹனுக்கா விளக்குத் தண்டு. எதிர்க் கட்டிடத்தில் நாஜிக் கொடி. மேஜையில் வைத்திருந்தாலும் சட்டம் ஏற்றிருக்கும். 1933-இல் அந்தக் குடும்பம் நாட்டை விட்டு வெளியேறியது. விளக்கும் கூடப் போயிற்று. அவர்களைக் காத்தது வெளியேற்றம்தான். விளக்கு அப்படி வாக்குக் கொடுப்பதுமில்லை. இன்று எத்தனையாவது இரவு என்பதை மட்டும் சொல்கிறது.

கவிதையில் நம்பிக்கையைத் தேடுகிறவர்கள் முழக்கத்தை விட்டு, இத்தகைய எண்ணிக்கை எங்காவது நடக்கிறதா என்று பார்க்கலாம்.