மலைநாட்டில் மருத்துவச் செலவும் சட்டமும்

நோயுற்றவன் முதலிற் கேட்பது பிணி யாது என்பது. அடுத்துக் கேட்பது செலவு எவ்வளவு என்பது. இவ்விரண்டாம் வினாவிற்குக் கண்டிச் சூழலில் நீண்ட வரலாறு உண்டு.

கோப்பித் தோட்டங்களை நாடி மாத்தளை வழியே நடந்து வந்த தமிழகத் தொழிலாளருள் நோயால் மாண்டோர் பலர். தோட்டப் பகுதிகளின் மருத்துவத் தேவை கருதி 1872இல் ஒரு கட்டளைச் சட்டமும், 1912இல் மற்றொன்றும் இயற்றப்பட்டன. இவை துரைமாரின் கடமையை வகுத்தனவேயன்றி, தொழிலாளி தானே கேட்டுப் பெறும் உரிமையை வகுத்தில.

1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கியதும் வருவோர் தொகை குறைந்தது. சிறுதொகையும் ஏழைக்குத் தடையே என்பதை இது காட்டிற்று. 1977இல் அக்கட்டணம் ஒழிந்தது.

அதே 1971இல், பின்னாளிற் பேராதனையோடு பெயர் இணைத்துப் பேசப்படும் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. வணிகப் பெயரை விடுத்துப் பொதுப்பெயரால் மருந்து வாங்கியமையால் விலை தாழ்ந்தது.

தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவுசெய்யும் சட்டம் 2006இலேயே வந்தது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்சவிலை விதிக்கப்பட்டது. எனினும் நிலையத்தைப் பதிவுசெய்தல் வேறு. கட்டணத்தை நோயாளிக்கு முன்கூட்டியே உரைத்தல் வேறு. பின்னது நிறைவேறும்போதே அவ்விரண்டாம் வினாவிற்கு விடை கிட்டும்.