களவறிந்த காவல்

கம்பம் பள்ளத்தாக்கில் ஊரெல்லையைக் காப்பதாக நம்பப்படும் சாமிகளின் கதைகளைக் கேட்டால், நல்ல பிள்ளை என்று பெயரெடுத்த சாமி அவற்றில் குறைவு. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் இருக்கும் சோணைக் கருப்பணசாமிக்கு ஆடி மாதத்தில் மதுப்புட்டிகள் படைக்கப்படுகின்றன. மதுரை வீரனோ பெண்ணை இரவோடு இரவாகக் கூட்டிக்கொண்டு போனவன். கடைசியில் கள்ளன் என்ற பேரில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். பழிச்சொல் ஏற்ற ஒருவனை ஊர் ஏன் காவலுக்கு நிறுத்தியது? அநியாயமாகச் செத்தவனின் ஆவிக்குப் பயந்து கும்பிட்டார்கள் என்பது வழக்கமான பதில். அது பாதிப் பதில்தான். வீரனின் குறை என்று நாம் எண்ணுவதே அந்த வேலைக்கு அவனுடைய தகுதி. அந்தத் தகுதியைக் கதைப்பாட்டுக்காரன் கற்பனையில் இட்டுக்கட்டவில்லை. இந்த வட்டாரத்தின் காவல் முறையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

மதுரை வீரன் கதையின் முடிச்சு ஒரு குச்சிலில் இருக்கிறது. பொம்மண நாயக்கனின் மகள் பொம்மி பூப்பெய்துகிறாள். கம்பளத்து நாயக்கர் வழக்கப்படி ஊருக்கு வெளியே குச்சில் கட்டி அவளைத் தனியே இருத்துகிறார்கள். இரவுக்காவல் சக்கிலியரான சின்னானுடைய பொறுப்பு. ஒருநாள் தகப்பனுக்குப் பதிலாக மகன் வீரன் போகிறான். காக்கப் போனவனே பெண்ணைக் கொண்டுபோகிறான். யாரும் உள்ளே நுழையக்கூடாத இடத்தின் வாசலில் நிற்கும் உரிமை காவல்காரனுக்கு மட்டும்தான் உண்டு. நுழைய முடிந்தவனும் அவன் ஒருவனே. பிறகு கதை இதையே பெரிதாக்கிச் சொல்கிறது. மதுரைக்கு வந்த வீரன் அழகர்மலைக் கள்ளர்களை அடக்குகிறான். அதே ஊரில் வெள்ளையம்மாளை இரவில் கூட்டிப்போகையில் கள்ளன் என்று பிடிபடுகிறான். இதை வரலாறாகப் படித்தால் கணக்கு உதைக்கும். கதையில் மதுரையை ஆளும் திருமலை நாயக்கர் உண்மையில் ஆண்டது 1623 முதல் 1659 வரை. கதையில் வீரனைத் திருச்சியிலிருந்து அனுப்பிவைக்கும் விசயரங்கச் சொக்கலிங்கத்தின் பெயரோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட விசயரங்க சொக்கநாதரை நினைவூட்டுகிறது. ஆகவே ஒரு தனிமனிதனின் வாழ்க்கைக்கு இக்கதையைச் சாட்சியாக நிறுத்துவது வீண். ஒரு காவல் அமைப்புக்கு இது நல்ல சாட்சி.

அந்த அமைப்பைப் புரிந்துகொள்ளப் போடிநாயக்கனூரே போதும். நாயக்கர் காலப் பாளையங்களில் ஒன்றான அதை ஆண்டவர்களும் தொட்டிய நாயக்கர்களே, அதாவது கதைப் பொம்மியின் இனத்தார். பாளையக்காரர் வரி தண்டினார், படை வைத்திருந்தார், எல்லைக்குள் களவு நடந்தால் அதற்குப் பொறுப்பும் ஏற்றார். அவருக்குக் கீழே ஊர்க்காவல், அதற்குக் காவல்கூலி. மாடு களவு போனால் அதை மீட்டுத் தருபவருக்குத் துப்புக்கூலி. களவின் தடம் தெரிந்தவரிடமே காவலை ஒப்படைப்பது இதன் சூட்சுமம். கூலி நின்றால் மாடு காணாமல் போகும் என்பதும் ஊருக்குத் தெரியும். மிரட்டிக் காசு வாங்குவதுதானே இது என்று கேட்கலாம். ஓரளவு அப்படித்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மலையடிவாரத்தில், சுமைக்காரரின் தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும் சரக்கு இறங்கிய பாதைகளில், வேறு போலீஸ் எது? ஒரு சாக்கு ஏலக்காய் கனம் குறைவு, விலை அதிகம். இருட்டில் ஒருவனே தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். காடறிந்தவன்தான் அதைக் காக்க முடியும். வெள்ளையர் ஆட்சி இந்த இரட்டை உருவத்தைப் பிளந்தது. காவல் உரிமையைச் சட்டத்தால் ஒழித்தது; பின்னர் 1911ஆம் ஆண்டின் குற்றப்பழங்குடிச் சட்டத்தைப் பிரமலைக் கள்ளர் மீது பாய்ச்சியது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டது. காவல்காரன் என்ற பாதியை அழித்துவிட்டு, கள்ளன் என்ற பாதியை மட்டும் பிறப்பிலேயே எழுதிவைத்த சட்டம் அது.

அநியாயச் சாவு மட்டுமே ஒருவனைச் சாமியாக்கும் என்பவர்களுக்கு இதே மலைத்தொடரில் ஒரு பதில் இருக்கிறது. கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில். சித்ரா பௌர்ணமி ஒருநாள் மட்டும், பளியங்குடி வழியாக நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பிலும் கூட்டம் ஏறும். கோவலனைவிடக் குறையுள்ள நாயகன் யார்? மாதவியிடம் போய்ப் பொருளைத் தொலைத்தான்; செய்யாத களவுக்கு வெட்டுப்பட்டான். குறையும் உண்டு, அநியாயச் சாவும் உண்டு. ஆனாலும் தெய்வமானவள் கண்ணகி. அவன் அவளை அழைத்துப்போக விமானத்தில் வருகிறவன், அவ்வளவே. கோவலனின் குறை யாருக்கும் உதவாத குறை. அதைக் கொண்டு ஊரைக் காக்க முடியாது. வீரனுடைய துணிச்சலை ஊரால் வேலைக்கு வைத்துக்கொள்ள முடிந்தது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இருவர் மனமொத்துப் போனதைக் குறை என்பதே சாதியின் பேச்சு அல்லவா? சரிதான். அதனால்தான் வீரனைக் காசிராசன் மகனாக்கிக் காட்டில் விடப்பட்ட குழந்தை என்று சொல்லும் முன்கதை வேண்டியிருந்தது. பிற்காலத்தில் ஒட்டவைத்தது அது என்று ஆய்வாளர் பலர் கருதுவது நம்பத்தக்கதே. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த படமும் அந்த ராசபிறப்பை விடவில்லை. ஆனால் இந்த வெள்ளையடிப்பு பீடத்தில் எடுபடவில்லை. வீரன் இரு பக்கமும் பொம்மியையும் வெள்ளையம்மாளையும் வைத்துக்கொண்டேதான் நிற்கிறான். இரண்டு 'குற்றங்களும்' அவனோடு பூசை வாங்குகின்றன. மீனாட்சி கோயிலிலும் அவனுக்குக் கீழைக்கோபுர வாசல்தான். உள்ளே விடாத சாதியின் புத்தி அதில் இருக்கிறது. காவல்காரனின் இடம் வாசல் என்பதும் அதில் இருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது.

1991இல் அமெரிக்காவில் வெளிவந்த 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' போன்ற அமானுஷ்யப் பாத்திர விளையாட்டுகளிலும் குறையுள்ள நாயகன் உண்டு. அங்கே ஆட்டக்காரர் ரத்தக்காட்டேரியாக வேடமேற்கிறார்; பாவம் கூடக்கூட அவருடைய மனிதத்தன்மை மதிப்பெண் இறங்கும். குறை அங்கே உள்ளுக்குள் ஒருவனை அரிப்பது. இங்கே சாமியாடி உறுமிக்கு ஆடும்போது எந்த மதிப்பெண்ணும் இறங்குவதில்லை. அருவாளும் சுருட்டும் சாராயமும் கேட்டு வாங்கும்போதுதான் வந்திருப்பது வீரன்தான் என்று கூட்டம் ஒப்புக்கொள்கிறது. பிறகு குறி கேட்கத் தொடங்குவார்கள். பிள்ளை வரம், கல்யாணத் தடை, நோய் எல்லாம் வரும். கூடவே காணாமல் போன மாட்டையும் நகையையும் பற்றிக் கேட்பார்கள், யார் எடுத்தது, எந்தத் திசையில் போனது என்று.