இருபடிச் சமன்பாடும் களிமண் பலகையும்



நான் கலைப்பட்டதாரி, கணிதம் என் துறையன்று. எனினும் எங்கள் பாடசாலையிற் கணித ஆசிரியர் இல்லாதிருந்த ஒரு தவணையில், அதிபராகிய நானே பதினோராம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாடு கற்பிக்க நேர்ந்தது. கரும்பலகையிற் சூத்திரத்தை எழுதினேன். பிள்ளைகள் அதனை மந்திரம்போல் ஒப்புவித்தனர். "ஐயா, இஃது எங்கிருந்து வந்தது?" என ஒரு மாணவி வினவியபோது, நான் விடை கூறாது பாடசாலை மணியை எதிர்பார்த்து நின்றேன். அந்த வெட்கமே என்னை இவ்வரலாற்றின்பாற் செலுத்தியது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே பபிலோனியக் களிமண் பலகை ஒன்று உண்டு. ஏறக்குறைய 3,700 ஆண்டுப் பழமையுடையது. நொயிகபவர், சாக்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1945 இல் அதனைப் பெயர்த்து வெளியிட்டனர். அதிலுள்ள வினா இதுதான்: இரண்டு எண்களின் வித்தியாசம் 7, பெருக்கம் 60, அவ்வெண்கள் எவை? அதனை எழுதியவன் வழியையும் படிப்படியாகக் கூறுகிறான். 7 இன் பாதி 3½. அதன் வர்க்கம் 12¼. அதனோடு 60 ஐக் கூட்ட 72¼. அதன் வர்க்கமூலம் 8½. இதனோடு 3½ ஐக் கூட்டினால் 12. இதிலிருந்து 3½ ஐக் கழித்தால் 5. அவன் கணக்கிட்டது அறுபதை அடியாகக் கொண்ட எண்முறையில். நான் நம் எண்களில் மாற்றிச் சொன்னேன்.

பாதியாக்குவதன் உட்பொருள் எளிது. எந்த இரண்டு எண்களும் தம் நடுவிலிருந்து சம தூரத்தில் நிற்கின்றன. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தயோபாந்தசும் இதனை நன்கறிந்திருந்தார். கூட்டுத்தொகை 20, பெருக்கம் 96 என்பது அவர் நூலில் வரும் ஒரு கணக்கு. நடு 10, 10 இன் வர்க்கம் 100, அது 96 ஐ விட 4 மிகுதி, 4 இன் வர்க்கமூலம் 2. ஆகவே எண்கள் 12 உம் 8 உம் ஆம்.

பக்தாத்தில் 9 ஆம் நூற்றாண்டில் அல்குவாரிசுமி சதுரங்களை வரைந்து வர்க்கபூர்த்தி செய்து காட்டினார். 16 ஆம் நூற்றாண்டிலே பிரான்சியரான வியெத்தா எழுத்துக் குறியீடுகளை அட்சரகணிதத்தில் நிலைநாட்டியதோடு, சமன்பாட்டின் மூலங்களுக்கும் குணகங்களுக்கும் உள்ள தொடர்பையும் எடுத்துரைத்தார். குறியீடுகள் வந்தபின் எல்லாம் ஒரே சூத்திரத்துள் அடங்கின. பழைய 'நடுவும் தூரமும்' அச்சூத்திரத்தினுள்ளே இன்றும் இருக்கின்றன. ஆனால் அவற்றை நாம் பிள்ளைக்குக் காட்டுவதில்லை.

2019 இல் காணெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ-ஷென் லோ அவற்றை மீண்டும் வெளிக்கொணர்ந்தார். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அவ்வெண்ணின் 6 மடங்கைக் கழித்து, 7 ஐக் கூட்டினாற் பூச்சியம் வருகிறதென்க. காரணிகளைத் தேடித் தடுமாற வேண்டியதில்லை. மூலங்களின் கூட்டுத்தொகை 6, பெருக்கம் 7. நடு 3, அதன் வர்க்கம் 9, 9 இலிருந்து 7 போக மிகுதி 2. ஆகவே விடை, 3 உடன் 2 இன் வர்க்கமூலத்தைக் கூட்டியும் கழித்தும் பெறும் இரு எண்கள். வர்க்கத்தின் குணகம் ஒன்றல்லாதவிடத்து, முதலில் அதனால் முழுவதையும் வகுத்துக்கொள்ள வேண்டும்; வேறு சிரமமில்லை.

பத்திரிகைகள் இதனைப் பெரும் புதுமையெனப் புகழ்ந்தன. லோ அவ்வாறு உரிமை கொண்டாடவில்லை. முன்னோரைத் தம் கட்டுரையிலே குறிப்பிட்டார்; 1989 இல் ஜோன் சாவேஜ் என்பவர் ஏறக்குறைய இதே முறையை வெளியிட்டிருந்ததையும் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. ஆயினும் எல்லாம் பபிலோனியருடையதே என்பதும் மிகையாகும். அவர்களுக்கு எதிர் எண்கள் தெரியா. பூச்சியத்துக்குச் சமப்படுத்தும் வழக்கமும் இல்லை. வியெத்தாவின் தொடர்பு இடையில் வந்திராவிடின், பழைய புதிர் எல்லாச் சமன்பாடுகளுக்கும் உரிய பொதுவழியாகியிராது.

மறுவாரம் இதனை வகுப்பிற் சொன்னேன். அதே மாணவி தன் கொப்பியில் மூன்று கணக்குகளைச் செய்து முடித்துவிட்டு, "ஐயா, பரீட்சையில் இப்படி எழுதினால் புள்ளி தருவார்களா?" என்று கேட்டாள்.